மதுரை போகும் வழியில் அழித்த கோடு

1. பம்பரில் கோடு தேடியவர்

சிவகாசியில் நான் ஒர்க்‌ஷாப் திறந்த அன்று வந்த முதல் வண்டி ஒரு பழைய ஜெர்மன் கார். சென்னையில் யாரோ ஒரு டாக்டர் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்றது. வாங்கியவர் திருத்தங்கலில் அச்சகம் வைத்திருந்தார். டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு கோடு விழுந்திருக்கு” என்றேன்.

“கோடா? எங்கன? நேத்துதான தொடைச்சேன்!” என்று அவர் இறங்கிப் போய் பம்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

நான் சொன்னது அந்தக் கோடு அல்ல. இன்ஜினில் எந்த சென்சாராவது தப்பாகப் பேசினால், வண்டியின் கம்ப்யூட்டர் அதை ஓர் எண்ணாகக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கை எரியவிடும். அந்த எண்ணைத்தான் இங்கிலீஷில் உள்ளபடி நாங்கள் கோடு என்போம். ஸ்கேனரில் படிக்கலாம், ஒரு பட்டனை அமுக்கி அழிக்கவும் செய்யலாம். அழித்தால் விளக்கு அணையும். பழுது அப்படியே இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எங்கள் பகுதியில் பட்டாசும் அச்சும் நன்றாக ஓடின. புது சொகுசுக் கார் வாங்க யோசித்தவர்கள்கூட சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பழைய கார்களை ஓட்டி வந்தார்கள். கார்புரேட்டரின் சத்தத்தைக் கேட்டே குறை சொல்லும் மெக்கானிக்குகள் ஊரில் நிறைய இருந்தார்கள். இந்தக் கார்களின் கம்ப்யூட்டரோடு பேச ஆள் இல்லை. மதுரையில் ஒரு ஷோரூமில் வேலை பார்த்துவிட்டு, ஸ்கேனரோடு வந்து இறங்கியவன் நான் ஒருவன்தான். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கோரிக்கை.

“விளக்க மட்டும் அணைச்சு விடுங்க அண்ணாச்சி. சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரக வர்றாக.”

நான் முடிந்தவரை மறுத்துவிடுவேன். பழுதைச் சரிசெய்யாமல் கோடை அழிப்பதில்லை என்று வைத்திருந்தேன். அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டு, ஒரே பகலில் ஒரே கோடைத் திரும்பத் திரும்ப அழித்தபடி போன ஒரு பயணத்தைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும்.

2. செல்லையா ஓட்டிய வண்டி

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் கருப்பு நிறத்தில் நீளமான ஜெர்மன் கார் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த மாடல். அதை ஓட்டியவர் செல்லையா. அதற்கு முன்னால் வடநாட்டுக்கு பட்டாசு லோடு ஏற்றிப் போகும் லாரி ஓட்டியவர். முதுகுக்குப் பின்னால் அத்தனை வெடிமருந்தை வைத்துக்கொண்டு மலைப் பாதைகளில் இறங்கி ஏறிய கால் அது. அவர் பிரேக் போட்டால் வண்டி நின்றது தெரியாது. கிளம்பினாலும் தெரியாது.

அந்தக் காருக்கு ஒரு வியாதி வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று மஞ்சள் விளக்கு எரியும். அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி மாதிரிதான் போகும். சாவியை அணைத்து, கோடை அழித்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி பறக்கும்.

நான் பிரித்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். அந்தக் காரில் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கேபிள் கிடையாது. எவ்வளவு மிதித்தோம் என்று ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் ஒரு சின்ன மோட்டாரை வைத்து இன்ஜினுக்குக் காற்றுப் போகும் வாயைத் திறக்கும். அதைத்தான் த்ராட்டில் என்கிறோம். அந்த மோட்டாருக்குப் போகும் வயர்களின் மேல்உறை, இத்தனை வருடச் சூட்டில் பொரித்த அப்பளம் போல உதிர்ந்திருந்தது. வெளியே தெரிந்ததற்கு டேப் சுற்றிவிட்டேன். த்ராட்டில் கூட்டுக்குள்ளே இருந்த வயர்களைத் தொட முடியவில்லை. பெடலைச் சட்டென்று மிதித்தால் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுங்கும், உள்ளே இரண்டு வயர் உரசும். உடனே கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் வந்தால் அது செய்கிற காரியம்தான் என்னை எப்போதும் வியக்க வைக்கும். இன்ஜினை நிறுத்தாது, வண்டியைத் தாறுமாறாகப் பாயவும் விடாது. வேகத்தை மட்டும் குறைத்து, நொண்டிக்கொண்டாவது வீடு போய்ச் சேர் என்று விட்டுவிடும். லிம்ப் மோடு என்று பெயர். எங்கோ குளிர்தேசத்தில் உட்கார்ந்து இதை யோசித்து வைத்தவன் தன் வண்டியை நன்றாக நேசித்திருக்க வேண்டும்.

புது த்ராட்டிலுக்கு சென்னையில் சொல்லி வைத்திருந்தேன். வரும்வரை கார் என் ஷெட்டில் நின்றது.

3. மத்தியானம்

நல்ல முகூர்த்த நாள். ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் காரும் வேனும் எல்லாம் கல்யாணங்களுக்குப் போய்விட்டன. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அரசு ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து செல்லையா ஓடி வந்தார். என் ஒர்க்‌ஷாப் அதே ரோட்டில்தான்.

“அண்ணாச்சி, நம்ம வண்டிய எடுக்கணும். கம்பெனில ஒரு பிள்ளைய நல்ல பாம்பு கடிச்சிருச்சு. பட்டாசுக்கான காகிதக் குழாய்க் கட்டு எடுக்கையில உள்ள கிடந்திருக்கு. வேன்ல போட்டு இங்கன கொண்டாந்துட்டோம், ஊசியும் போட்டாச்சு. ஆனா மூச்சு இறங்கிக்கிட்டே வருதாம். மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்றாக.”

“ஆம்புலன்ஸ் என்னாச்சு?”

“ஆஸ்பத்திரி வண்டி காலைலயே ஒரு பிரசவக் கேஸோட மதுரைக்குப் போயிருச்சு. வர நேரமாகுமாம். நம்ம கம்பெனி வேன் டயர் இருக்கிற லட்சணத்துக்கு விருதுநகர் தாண்டாது.”

அவர் கையிலிருந்த செல்போனில் முதலாளி சென்னையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் கொடுத்தார்.

“வண்டி வீணாப் போனாலும் போகட்டும். வழில நின்னுருமா, அத மட்டும் சொல்லுங்க.”

“நிக்காது. மெதுவாயிரும். நான் கூடப் போனா சரி பண்ணிப் பண்ணிக் கொண்டுபோயிரலாம்.”

“அப்ப ஏறுங்க அண்ணாச்சி, பேசிக்கிட்டு நிக்காதீக” என்றார் செல்லையா.

ஸ்கேனரை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன்.

பாம்பு கடித்த முத்துமாரிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கணவன் லாரியில் கிளீனராக வெளியூர் போயிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். இமைகள் தாமாகவே மூடிக் கிடந்தன. கையைத் தூக்கினால் அப்படியே விழுந்தது. அவள் தலைமாட்டில் ஜெயசீலி என்ற நர்ஸ் மண்டியிட்டு உட்கார்ந்தார். முகத்தில் வைத்த மூடியோடு ஒரு ரப்பர் பை. அதைக் கையால் அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கால்மாட்டில் செருகியிருந்தார்கள்.

“மதுரைல மெஷின்ல வைக்கிற வரைக்கும் இதுதான் இவளுக்கு மூச்சு” என்றார் ஜெயசீலி. “நான் நிறுத்த மாட்டேன். நீங்க வண்டியப் பாத்துக்கங்க.”

4. ரோடு

“செல்லையாண்ணே, சட்டுனு மிதிச்சிராதீக. இன்ஜின் குலுங்கினா வயர் உரசிரும். வேகத்தப் பையப் பைய ஏத்துங்க. ஏறிட்டா எம்புட்டு வேகம்னாலும் தாங்கும்” என்றேன்.

“முட்டை மேல கால் வச்ச மாதிரி போறேன்” என்றார்.

அப்படித்தான் போனார். ஸ்கேனரில் த்ராட்டில் எவ்வளவு திறக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த எண் ஏறிய விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒன்று, இரண்டு என்று அலுங்காமல் ஏறும். ஓவர்டேக் செய்ய வேண்டிய லாரியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, முன்கூட்டியே வேகம் சேர்த்துக்கொண்டு, நெருங்கும்போது மிதிக்கவே தேவையில்லாமல் தாண்டிப் போனார். ஷோரூமில் நான் பார்த்த எந்த டெஸ்ட் டிரைவருக்கும் அப்படி ஒரு கால் இல்லை.

திருத்தங்கல் ரயில்வே கேட் மூடியிருந்தது. செல்லையா ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டார்: “ஏலே, பாம்பு கடிச்ச கேஸ்லே! வழி விடுங்க!” பைக்கில் நின்றவர்கள் ஒதுங்கி எங்களைக் கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ரயில் போனதும் முதலில் கடந்தோம். தண்டவாளத்தில் வண்டி ஏறி இறங்கிய குலுக்கலில் விளக்கு எரிந்துவிட்டது.

“ஓரங்கட்டுங்க. சாவிய அணைங்க. இப்ப ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் வேணாம்.”

கோடைப் படித்தேன். எதிர்பார்த்ததேதான். வேறு பழுது எதுவும் சேரவில்லை. அழித்தேன். “கிளியர். எடுங்க.”

ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பின்னால் திரும்பவில்லை. ஜெயசீலி பை அமுக்கிக்கொண்டே தணிந்த குரலில் ஏதோ பேசுவது மட்டும் கேட்டது. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விருதுநகர் தாண்டினால் நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ரோட்டைத் தோண்டிப் போட்டு, பக்கத்து மண் பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். அங்கே இரண்டாவது முறை விளக்கு எரிந்தது. மறுபடி ஓரங்கட்டி, மறுபடி அழித்து, கிளம்பினோம். ஜெயசீலியின் குரல் மறுபடி கேட்டது.

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது முறை எரிந்தபோது கோடு அழியவில்லை. பட்டனை அமுக்கினேன், மறைந்தது, உடனே வந்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடி வந்தது. வயர்கள் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

“செல்லையாண்ணே, இனி கிளியர் ஆகாது. முப்பது, நாப்பதுலதான் போகும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். “நிக்காமப் போகும்ல?”

“போகும்.”

“அது போதும்.”

நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓரமாக ஊர்ந்தோம். பின்னால் வந்த பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. ஓர் இடத்தில் நெரிசலில் நிற்கவேண்டி வந்தபோது, அதன் கண்டக்டர் திட்டுவதற்காக இறங்கி வந்தார். ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தவர் உடனே திரும்பி பஸ்ஸுக்கு ஓடினார். பஸ் எங்களைத் தாண்டி முன்னால் வந்தது. அங்கிருந்து, விசிலும் ஹாரனுமாக அது வழியைக் கிழித்துக்கொண்டு போக, நாங்கள் அதன் பின்னாலேயே நொண்டினோம். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ரோடு வந்ததும் கண்டக்டர் படியில் தொங்கியபடி கையைக் காட்டினார். பஸ் தன் வழியில் போய்விட்டது. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.

5. டீக்கடையில்

முத்துமாரியை உள்ளே கொண்டுபோய் மெஷினில் வைத்தார்கள். “நேரத்துக்கு வந்தீங்க” என்றார் அங்கிருந்த டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் மூவரும் வெளியே வந்தோம்.

டீ வாங்கி ஜெயசீலியிடம் நீட்டினேன். அவரால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் பையைப் பிடித்த வளைவிலேயே இறுகிப் போயிருந்தன. செல்லையா கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவி விரித்தார்.

“கை மாத்தி மாத்தி அமுக்கியிருக்கலாம்ல சிஸ்டர்?” என்றேன்.

“ஒரு கை மூடிய அழுத்திப் பிடிக்கணும். விட்டா காத்துப் போயிரும்” என்று சொல்லிவிட்டு, டீயை ஊதிக் குடித்தார்.

6. முத்துமாரி சொன்னது

புது த்ராட்டில் வந்தது, மாட்டினேன், கார் சரியாகிவிட்டது. முத்துமாரி பல நாள் மதுரையில் இருந்துவிட்டு வீடு திரும்பினாள். பிறகு ஒருநாள் கணவனோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன்.

“அன்னைக்கு உனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்லம்மா” என்றேன்.

“எல்லாம் தெரிஞ்சுச்சு அண்ணாச்சி.”

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“கண்ணுதான் தொறக்க முடியல, வாயி அசைக்க முடியல. காது நல்லாக் கேட்டுச்சு. ரயில் கேட் தாண்டி மொதவாட்டி வண்டி நின்னுச்சு பாருங்க, அவ்வளவுதான், நான் செத்துட்டேன்னு நினைச்சு நிறுத்திட்டாகன்னு நினைச்சேன். கத்தணும்போல இருந்துச்சு, முடியல. அப்பத்தான் சிஸ்டர் காதுகிட்ட குனிஞ்சு சொன்னாக. ‘முத்துமாரி, வண்டில ஒரு வயர் கோளாறு. மெக்கானிக் சரி பண்றாரு. இந்தா இப்பக் கிளம்பிரும். நீ பயப்படாத, நான் மூச்சு குடுத்துக்கிட்டுதான் இருக்கேன்’னு. ஒவ்வொருவாட்டி நின்னப்பவும் சொன்னாக. வண்டி மெதுவாப் போனப்ப, ‘மெதுவாத்தான் போகும், ஆனா போயிரும்’னாக. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன்.”

ஜெபம் என்று நான் நினைத்தது இதுதான். பை அமுக்கும் கையும் ஓயாமல், மூடியைப் பிடித்த கையும் நழுவாமல், பதில் சொல்ல முடியாத ஒருத்திக்கு என்ன நடக்கிறதென்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த வண்டியில் ஜெயசீலி ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இந்தத் தொழிலில் ஸ்கேனரும் வயரிங் வரைபடமும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் கூடுதலாகக் கற்றது ஜெயசீலியிடம்தான். வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவருக்கு பானெட்டுக்குள் நடப்பது எதுவும் தெரியாது. விளக்கு எரிந்தாலே பாதிப் பேருக்குப் பயம் வந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் கோடைப் படித்ததும் ஸ்கேனரை அவர் பக்கம் திருப்பி வைக்கிறேன். எந்த இடத்தில் பழுது, நான் செய்யப்போவது என்ன, வண்டி எதுவரை தாங்கும், எது தாங்காது என்று நம்ம ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். அவசரமாக இருந்தாலும் சொல்கிறேன். கேட்கிறவர் தலையாட்டாமல் நின்றாலும் சொல்கிறேன்.