மரத்தூள் அடுப்பும் என் முதுகும்

மண்ணெண்ணெய் விலை ஏறி, ரேஷன் கடை வாசலில் பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த எழுபதுகளில், எங்கள் மயிலாப்பூர் வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய் வாடையே கிடையாது. பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கேஸும் இல்லை. என் வீட்டுக்காரர் ஸ்டவ்வைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். மரியாதைக்காக ‘அவர்’ என்று எழுதுகிறேன். வாயில் வருவது வேறு.

அவர் அரசாங்க ஆபீஸில் என்ஜினீயர். பஸ் போகாத மலை ஊர்களில் விளக்குக்கும் அடுப்புக்கும் ஆகிற செலவை எப்படிக் குறைப்பது என்று ஆராய்ந்து அறிக்கை எழுதும் வேலை அவருக்கு. அங்கேயெல்லாம் மண்ணெண்ணெய் தலைச்சுமையாகத்தான் ஏறும். மேலே போய்ச் சேர்வதற்குள் விலை எங்கேயோ போய்விடும். கரண்ட் கம்பி இழுக்கலாம், ரேஷனில் எண்ணெயை மலிவாகக் கொடுக்கலாம், சாண எரிவாயுக் குழி வெட்டித் தரலாம் என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, கடைசியில் மரத்தூள் அடுப்பில் வந்து நின்றார். மலையில் மரம் அறுக்கிற இடங்களில் தூள் சும்மா குவிந்து கிடக்கிறதாம். “எண்ணெயை மலிவாக்க நம்மால முடியாது. எண்ணெயே வேண்டாம்னு ஆக்கிடலாம்” என்பார். நல்ல யோசனைதான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியையாவது கூப்பிட்டுக் கேட்டாரா? கேட்கவில்லை. சோதித்துப் பார்க்க நான் வாய்த்தேன்.

அந்த அடுப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு தகர டின், அதன் அடிப்பக்கத்தில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியே ஒரு குச்சியைச் செருகி, டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கட்டையால் இடித்து இடித்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலையும் குச்சியையும் மெல்ல உருவினால் நெருப்பு ஏற வழி கிடைக்கும். இறுக்கம் போதாவிட்டால் பாதிச் சமையலில் உள்ளே சரிந்துவிடும். சரிந்தால் போச்சு. வீடு முழுக்கப் புகை, சோறு அரைவேக்காடு.

சரிந்த அன்றெல்லாம் எனக்கு அடி. ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். நோட்டைப் பிரிப்பார். தூள் எத்தனை படி, தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிஷம் என்று வரிசையாகக் கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் தலைமயிரைப் பிடித்து இழுத்து டின்னுக்கு முன்னால் உட்கார வைப்பார். “இப்ப அடை” என்பார். நான் தூளை அடைக்க அடைக்க, முதுகில் இரும்பு ஊதுகுழல் விழும். ஒரு தடவை என் உள்ளங்கையைப் பிடித்துக் கொதிக்கிற டின்னில் வைத்து அழுத்தினார். தோல் தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, நோட்டின் கடைசிக் கட்டத்தில் ‘செய்முறை திருத்தப்பட்டது’ என்று அழகான கையெழுத்தில் எழுதுவார். அட பாவி!

நாங்கள் இருந்தது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார மாமி. என் சத்தம் அதிகமானால் ஒட்டடைக் கம்பால் கூரைத் தளத்தை டொக்கு டொக்கென்று இடிப்பாள். உடனே இவர் கை நின்றுவிடும். படித்த மனுஷர், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிற பயம். ஒரு நாள் குழாயடியில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாயை மூடிண்டு வாங்கிக்காதேடி. நன்னாக் கத்து. கத்தினாத்தானே கீழ் ஆத்துல இருக்கற நேக்குத் தெரியும்” என்றாள். அந்தக் கம்பு இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

தி. நகரில் என் அண்ணன் பாத்திரக்கடை வைத்திருந்தான். வீங்கின முகத்தோடு அங்கே போய் நின்றேன். “ஏட்டி, மாப்ள படிச்சவரு, பெரிய உத்தியோகம். நீதான் அனுசரிச்சுப் போவணும்” என்று சொல்லி, இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கையில் கொடுத்து ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினான். அடிக்கு ஒரு டம்ளர் என்றால் அண்ணன் கடையே காலியாகியிருக்கும்.

ஐந்து மாதம் இப்படி அடிபட்டதில் எனக்குக் கை பழகிவிட்டது. அடுப்பு சரிவது நின்றது. ஒரு சாயங்காலம் அவர் சிரித்த முகமாக வந்தார்.

“ஞாயித்துக்கிழமை பெரிய அதிகாரி வீட்டுக்கே வந்து பாக்கறார். அவர் சரின்னுட்டா மலை மேல ரெண்டு வருஷம் வேலை. நீயும் வரே. அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு நீதான் செஞ்சு காட்டணும்.”

காட்டுக்குள்ளே தனி வீடு. கீழே மாமி இல்லை, கம்பு இல்லை. அங்கே போனால் என்னைக் கொன்றே போடுவார், கேட்க நாதி இருக்காது. அடுப்பு எரியாவிட்டால் அடி, எரிந்தால் சாவு. யோசித்துப் பார்த்தேன். அதிகாரியின் கண் முன்னால் அது எரியக் கூடாது.

மரவாடியிலிருந்து ஒரு பெண் தலையில் மூட்டையோடு தூள் கொண்டுவந்து போடுவாள். என் கையைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, வெந்து பூட்ட மாரி கீது? அந்தாளு வேலையா?” என்றாள்.

“அத விடு. சனிக்கிழமை தூளைத் தண்ணியில நனைச்சுக் கொண்டா.”

“ஐயே, ஈரத் தூளு எரியாதும்மா. பொகைஞ்சிக்கினே கெடக்கும்.”

“எரியக் கூடாது.”

அவள் என் கையை மறுபடி பார்த்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, “சர்தாம்மா, நல்லா ஊறப் போட்டு எடுத்தாறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பின்னால் ஃபைல்களைச் சுமந்துகொண்டு ஒரு பியூன். டின்னுக்குள் அடியில் ஈரத் தூளையும் மேலே நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த தூளையும் அடைத்திருந்தேன். இவர் மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நான் பற்றவைத்தேன். ஐயோ, அந்தப் புகை! அதிகாரி இருமி இருமிக் கண்ணீர் விட்டார்.

“என்னய்யா, இதுவா உங்க அடுப்பு?” என்றார்.

அவர்கள் போகும்வரை இவர் பொறுப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். பொறுக்கவில்லை. பழகின கை அல்லவா? என் கொண்டையைப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினார். ஒரு தடவை, இரண்டு தடவை. ரத்தம் கண்ணில் இறங்கியது. அப்புறம்தான் ஆட்கள் நிற்பது அவருக்கு உறைத்தது போலிருக்கிறது, கையை எடுத்தார்.

நான் அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். வயதானவர், பெண்களைப் பெற்றவராகத்தான் இருப்பார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பரவாயில்லை. காஞ்ச தூள் இருந்தாப் போட்டு, மறுபடி பத்த வைக்கச் சொல்லுங்க. பாத்துட்டே போறேன்.”

ஐந்து மாத அடி அத்தனையும் சேர்ந்தும் எனக்கு இந்த அளவுக்கு வலித்ததில்லை. தூள் இடிக்கிற கட்டை என் காலடியில் கிடந்தது. எடுத்தேன். முதல் அடி என் புருஷன் தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கக் கையை நீட்டினார். மணிக்கட்டு முருங்கைக் கொம்பு மாதிரி ஒடிந்தது. அவர் அலறிக்கொண்டு அடுப்பின் மேலேயே விழுந்தார். அப்புறமும் அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. அதிகாரி செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படியிறங்கி ஓடினார். சந்தோஷமாக இருந்தது எனக்கு. இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

எனக்குப் புத்தி சரியில்லை என்று ஆபீஸில் பேச்சானது. பைத்தியத்தை மலைக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்று அதிகாரியே சொல்லிவிட்டாராம். பைத்தியம் என்று பெயர் வாங்கித்தான் உயிர் பிழைத்தேன். அண்ணனுக்கு வேறு வழியில்லை, கடைக்கு மேலே ஓர் அறை ஒழித்துக் கொடுத்தான். அடுப்பின் மேல் தப்பில்லை, அடைத்தவள் மேல்தான் தப்பு என்று முடிவாகிவிட்டது. மணிக்கட்டு கூடினதும் அவர் தனியாக மலையேறினார்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பியூன், மகள் கல்யாணத்துக்குக் குடம் வாங்கக் கடைக்கு வந்தார். நான் குடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, குரலைத் தாழ்த்தி, “நல்லா கீறியாம்மா?” என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

“அடுப்பு அங்க நல்லா எரியுதாம்மா. ஊர் ஊரா குடுக்கப் போறாங்களாம். சோறாக்க அந்த ஊர்ப் பொம்பள ஒருத்திய ஐயா வச்சிக்கினு கீறாரு. படா கெட்டிக்காரியாம். மூணே வாரத்துல கத்துக்கினாளாம்.”

மூன்று வாரம். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

“அவ யாரு? அவளுக்குன்னு யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.