வேடியப்பன் சேர்த்து வைத்த ஜோடி

பட்டிக்குள் நுழையுமுன் வேடியப்பன் மூன்று முறை இருமுவார். சளி ஒன்றும் கிடையாது. "நான்தான் வரேன்" என்று உள்ளே இருக்கும் பெட்டை வாத்துக்குச் சொல்கிறாராம். சொல்லாமல் போனால் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும். வேறு யார் போனாலும் நடுங்காது.

சின்னசேலம் சாலையோரம் அவருக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி, வாத்து, கினிக்கோழி, எல்லாரிடமும் வம்புக்குப் போகும் ஒரு வான்கோழி. இவற்றோடு ஒரு ஜோடி சீமை வாத்தும் வளர்த்தார். நாட்டு வாத்தைப்போல் இரண்டு பங்கு இருக்கும். வேற்றாள் வந்தால் கழுத்தை நீட்டிக் கத்தி ஊரையே கூட்டிவிடும். "நாயி தூங்கும்ங்க, இது தூங்காது" என்பார். பேச்சில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மீசையைத் தடவாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கவும் மாட்டார்.

போன செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்தபோது, "துப்பாக்கியே வந்தாலும் மாரக் காட்டிக்கினு நிப்பன்" என்று முழங்கியவர் இவர்தான். மறுநாள் காலையில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டது. இளவட்டங்கள் கரும்புக்குள் பாய்ந்தார்கள். தொந்தியோடு ஓட முடியாத வேடியப்பன் பட்டிக்குள் தவழ்ந்து போய் ஒளிந்துகொண்டார்.

வெளியே காலடிச் சத்தம். ஆண் வாத்து கழுத்தை நீட்டியது. கத்திவிட்டால் தொலைந்தோம் என்று இரண்டு கையாலும் அதன் கழுத்தை இறுக்கிப் பிடித்தார்.

"வேடியண்ணா, கீறீங்களா? ஜீப்பு அப்பவே போயிடுச்சி."

வந்தது மளிகைக்கடை பஷீர் அகமது. மறியலில் கடை கண்ணி இல்லையே என்று வரப்பு வழியாக அரிசி தூக்கி வந்திருந்தார். வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேடியப்பன் கையை எடுத்தபோது வாத்தின் தலை தொங்கிவிட்டது, உயிர் இல்லை. ஒரு முழம் தள்ளிப் பெட்டை நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"பாவிங்க! வாயில்லா ஜீவன அடிச்சிக் கொன்னுட்டானுங்களே!" என்று அழுதவள் அவர் மனைவி இருசம்மாள். வேடியப்பன் பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தார், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊர்ப்பேச்சில் மூன்று போலீஸ்காரர்கள் முளைத்தார்கள், மூன்று லத்தியும் முளைத்தது. ஒரு வாரத்தில் அது போராட்டத்துக்கு உயிர் விட்ட வாத்து ஆகிவிட்டது. டீக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு அவரே கதை சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தால் பெட்டையின் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு இறங்காது.

பெட்டை தீனியைத் தொடவில்லை. கரும்பைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுத் தாங்காமல் பஷீர் மணலூர்பேட்டை மச்சான் வீட்டிலிருந்து ஓர் ஆண் வாத்தைக் கூடையில் வைத்து சைக்கிளில் கொண்டுவந்தார். "ஒத்தையில கெடந்தா செத்துப்பூடும்ணா. உங்கள மாதிரி தைரியசாலி வூட்டுல இது வளரட்டும்" என்றார். வேடியப்பனுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஆனால் தொழில் தெரிந்தவர். புதுசை அவிழ்த்துவிடாமல் பட்டியின் நடுவில் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடினார். உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் என்று ஊறவைத்த நெல்லை ஒரே நேரத்தில் வைத்தார். நாட்டு வாத்துகள் வந்து எட்டிப் பார்த்தன. பெட்டை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆறாம் நாள் பஞ்சாரத்தின் ஓரத்தில் வந்து படுத்தது. ஒன்பதாம் நாள் திறந்துவிட்டார். வான்கோழி சிலுப்பிக்கொண்டு புதுசின் மேல் பாய, பெட்டை குறுக்கே நின்று கொத்தி விரட்டியது. பிறகு இரண்டும் ஒரே சட்டியில் அலகை விட்டன.

பார்க்க வந்திருந்த பஷீருக்குக் கண் கலங்கிவிட்டது. இருசம்மாள் டீ போடப் போனாள்.

"ஆமாண்ணா, அன்னிக்கி நான் வந்தப்ப ஒரு போலீசும் இல்லியே. எப்ப வந்தானுங்க? அத எங்க அடிச்சானுங்க, மண்டையிலயா, முதுவுலயா?"

வேடியப்பன் வாயைத் திறந்தார். மீசைக்குப் போன கை பாதியிலேயே நின்றது. பஷீரின் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கைகளையும் தூக்கித் தன் கழுத்தைச் சுற்றி வைத்து, மெல்ல இறுக்கிக் காட்டினார்.