பாதி மாத்திரை

பிள்ளைகளே, நம் நாய்க்கு ஊசி போடக் கும்மிடிப்பூண்டி கால்நடை மருத்துவமனைக்குப் போனபோது ஒரு அம்மாவைப் பார்த்தேன். சேலைமேல் தொழிற்சாலை கேண்டீன் கோட்டு. மடியில் எலும்பும் தோலுமாக ஒரு கிழப்பூனை. அதன் காதை நீவிக்கொண்டே இருந்தார்.

"வயசான பூனை, ஆபரேஷன் வேணாம். தினம் ரெண்டு வேளை மாத்திரை குடுங்க," என்றார் டாக்டர்.

அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "நேத்து இதுக்கும் தைராய்டுன்னீங்க இல்ல? காலைல என் தைராய்டு மாத்திரைல பாதி போட்டுக்கினு, பாதிய இதுக்கு வச்சிருக்கேன் சார்."

"ஐயோ, குடுத்துடாதீங்கம்மா! உங்களுக்குத் தைராய்டு சுரக்கறது கம்மி, இதுக்கு ஜாஸ்தி. உயிரே போயிடும்."

அவர் அந்தப் பாதியை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு பூனையிடம், "ஜாஸ்தியா வச்சிக்கினு இருக்கியே, எனக்குக் கொஞ்சம் குடுத்தா இன்னா?" என்றார்.

பூனைக்கான மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பாதியை அவர் விழுங்கினாரா என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.