ஆறு பேருக்கும் ஒரே நம்பர்

ராயபுரத்தில் பாதிப் பேருடைய விண்ணப்பங்களில் என் கடையின் போன் நம்பர்தான் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. செய்த தப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுதான் சொல்கிறேன்.

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று எழுதியிருந்தாலும் சோறு போடுவது ஆன்லைன் விண்ணப்பம்தான். ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், காலேஜ் அட்மிஷன் எல்லாம் இங்கே நடக்கும். எந்த விண்ணப்பமானாலும் நடுவில் 'மொபைல் எண்' என்று ஒரு கட்டம் வரும். அங்கேதான் எல்லோரும் மாட்டுவார்கள். ஒருவர் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருப்பார். இன்னொருவர் போன வாரம்தான் சிம்மை மாற்றியிருப்பார், நம்பர் வாயில் வராது. நம்பர் கொடுத்தால்தான் ஓடிபி வரும், அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பின்னால் பத்துப் பேர் முணுமுணுத்துக்கொண்டு நிற்கும்போது யாரை வீட்டுக்கு ஓடவிடுவது? "என் நம்பரையே போட்டுடறேன், மெசேஜ் வந்தா சொல்றேன்" என்று தட்டிவிடுவேன். விரலே பழகிவிட்டது. 'ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்' என்று வங்கியில் கொடுத்த நோட்டீஸைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து நாள் முழுக்க ஓடிபி கூவுகிறவள் நான்.

என் தம்பி வெல்டர். எண்ணூர்ப் பக்கம் காண்ட்ராக்டில் வேலை பார்த்தான். நிரந்தரம் ஆகும் ஆகும் என்று காத்திருந்து சலித்துப்போய், ஆப்பிரிக்காவில் ஒரு சிமெண்ட் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டான். கூடவே திருவொற்றியூர்க்காரர்கள் ஐந்து பேர். போன கொஞ்ச நாளில் அங்கிருந்து கூப்பிட்டான்.

"எக்கா, இங்க கீற நம்ம ஆளுங்க அல்லாரும் எம்பஸில பேர் பதிஞ்சி வெக்கணுமாம். எனக்கு இன்னா தெரியும்? நீயே போட்டுடு. ஆறு பேருக்கும்."

போட்டேன். ஆறு பேருக்கும், விரல் பழக்கத்தில், மொபைல் எண் கட்டத்தில் என் கடை நம்பரையே போட்டேன். அந்தக் கட்டத்துக்கு மேலே, 'நீங்கள் வசிக்கும் நாட்டில் உங்களைத் தொடர்புகொள்ள' என்று கொட்டை எழுத்தில் இருந்ததாம். நான் படிக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "நல்லா படிச்சிட்டு கையெழுத்துப் போடு" என்று அதட்டுகிற ஆள்தான் நான்.

மூன்று வருடம் ஓடியது. அவனுடைய பாஸ்போர்ட் முடிகிற தேதி வந்தது. புதுப்பிக்கவும் நான்தான் விண்ணப்பம் போட்டேன். அவன் பஸ் ஏறித் தலைநகரத்துக்குப் போய், நம் தூதரகத்தில் பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ஒரு ரசீதோடு திரும்பினான். மூன்று வாரத்தில் புதியதை வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். இரண்டாவது வாரத்தில் அந்த நாட்டு ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது.

தலைநகரத்தில் துப்பாக்கிச் சண்டை. விமான நிலையம் மூடல். இன்டர்நெட் கட். தூதரகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால், எல்லாச் சேவைகளும் மறு அறிவிப்பு வரை நிறுத்தம் என்று ஒரே ஒரு வரி. அங்கிருந்த அதிகாரிகள் எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு துறைமுக ஊருக்குப் போய்விட்டார்கள். நம் ஆட்களைக் கப்பலேற்றுவதும் இனி அங்கிருந்துதானாம். சண்டை நடக்கும் தெருவில் கட்டிடம் பூட்டிக் கிடந்தது. என் தம்பியின் பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது. தொழிற்சாலையைச் சுற்றி இன்னும் சண்டை வரவில்லை. வருவதற்குள் கிளம்ப வேண்டும். கிளம்பினாலும் கையில் பாஸ்போர்ட் இல்லாதவனை எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள்?

வாடிக்கையாளர்கள் மேல் எரிந்து விழுந்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகையை நாற்பது காப்பி தலைகீழாக எடுத்துக் கொடுத்தேன்.

தம்பி மனைவி விம்கோ நகரிலிருந்து தினமும் மெட்ரோ ஏறி என் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். காரணம், தம்பியின் போன் என் கடைக்குத்தான் வரும். அங்கே செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. தொழிற்சாலை ஆட்கள் தங்கும் முகாமுக்குப் பக்கத்து மளிகைக்காரர் வீட்டில் ஒரு பழைய கம்பி போன் மட்டும் உயிரோடு இருந்தது. அதிலிருந்து வெளியே பேசலாம், வெளியிலிருந்து கூப்பிட்டால் போகாது. காலையில் நம் நேரம் பதினொரு மணிக்கு அவன் கூப்பிடுவான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது.

ஒருநாள் அவள் கேட்டாள். "அண்ணி, பேர் பதிஞ்சவங்களுக்கெல்லாம் எம்பஸிலேர்ந்து போன் பண்றாங்கன்னு டிவில சொன்னாங்க. இவருக்கும் பண்ணியிருப்பாங்க இல்ல?"

பதிந்த நம்பர் எது என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கு முந்தின நாளும் அன்று காலையிலுமாக ஒரு வெளிநாட்டு நம்பர் மூன்று முறை கடை போனுக்கு வந்திருந்தது. லாட்டரி விழுந்திருக்கிறது, பார்சல் மாட்டிக்கொண்டது என்று ஏமாற்றுகிறவர்கள் இப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு முறை கட் செய்தேன். மூன்றாம் முறை பிளாக்கே செய்துவிட்டேன்.

அவளிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போனை எடுத்து என் கையில் கொடுத்து, "கூப்பிடுங்கண்ணி" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிளாக்கை எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். நாலாவது முயற்சியில் லைன் கிடைத்தது. எடுத்தவர் தூதரக அதிகாரி ஒருவர். ஆறு பேரின் பெயரையும் சொல்லி, எந்த முகாமில் இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "சார், ராயபுரம்" என்றேன். அவர் ஆறு பெயரையும் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, ஆறு பேருமே ராயபுரமா என்றார். என் ஓட்டை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தப் போகிறார் என்று போனைக் கொஞ்சம் காதிலிருந்து தள்ளியே வைத்திருந்தேன்.

அவர் கத்தவில்லை. உங்களால் அவர்களோடு பேச முடிகிறதா என்று மட்டும் கேட்டார். தினமும் பதினொரு மணி என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்தப் பகுதியில் பதிந்திருந்த எல்லா நம்பரும் செத்துக் கிடக்கின்றன, மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி அடித்ததில் உயிரோடு இருந்த ஒரே நம்பர் உங்களுடையதுதான், தயவுசெய்து இதை மட்டும் அணைத்துவிடாதீர்கள் என்றார். நான் ஒழுங்காக விண்ணப்பம் போட்டிருந்தால் அந்த ஆறு பேரையும் யாராலும் பிடித்திருக்க முடியாது. தப்பு செய்து இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஊர் திரும்ப மட்டும் ஓர் அவசரச் சான்று தருவோம், அதற்குப் பழைய பாஸ்போர்ட்டின் நகலும் போட்டோவும் வேண்டும் என்றார். என் கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கும் வழக்கமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, தம்பியுடையதை மட்டுமல்ல, அரை மணியில் ஆறு பேருடைய காகிதங்களையும் அனுப்பினேன்.

தூதரகம் என்றால் கொடி பறக்கும் பெரிய மாளிகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் துறைமுக ஊரில் அது இப்போது இன்டர்நெட் கிடைக்கிற ஒரு ஓட்டல் அறை, இரண்டு அதிகாரிகள், ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர். கிட்டத்தட்ட என் கடை. தலைநகரத்தில் கல்யாணச் சான்றிதழுக்கும் குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் காத்திருந்தவர்கள் எல்லோரும் இப்போது அந்த ஒரு அறைக்கு வெளியே வரிசையில் நிற்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு மாலை அவர் கூப்பிட்டார். மறுநாள் அவர்கள் நேரம் பகல் பன்னிரண்டுக்கு ஒரு பஸ் வரும். தொழிற்சாலையிலிருந்து எட்டு கிலோமீட்டரில் உள்ள பள்ளிக்கூட வாசலில் நிற்கும். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. அடுத்த பஸ் உண்டா என்று தெரியாது. நமக்கு அது பிற்பகல் இரண்டரை மணி. தம்பி எப்படியும் பதினொன்றுக்குக் கூப்பிடுவான், சொல்லிவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் பதினொன்றுக்கு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். "யக்கா, என் ரேஷன் கார்டு இன்னா ஆச்சி?" வைத்தேன். உடனே இன்னொன்று, காலேஜ் சீட்டு கேட்டு. அடுத்தது ஆதார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரெல்லாம் என் நம்பரைக் கொடுத்தவள் நான். அவன் அந்தக் கம்பி போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, லைன் பிஸி என்று திரும்பிப் போய்விட்டால்?

பக்கத்துக் கடையில் வலையும் கயிறும் விற்கும் பாய் எட்டிப் பார்த்தார். "இன்னா தங்கச்சி, மூஞ்சி இப்டி கீது?" விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிற தன் வாடிக்கைக்காரர்களுக்குப் போன் போட்டார். ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பினார். என் ஷட்டரில் சாக்பீஸால் தானே எழுதினார்: 'அக்கா நம்பருக்கு மூணு மணி வரைக்கும் யாரும் போன் போடாதே.' மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான்.

பதினொன்றரைக்குள் போன் ஓய்ந்துவிட்டது. ஆனால் போன் போடக்கூடாது என்றதும் அத்தனை பேரும் நேரில் வந்துவிட்டார்கள். சந்து அடைத்துக்கொண்டது. மீன் கூடையோடு ஒரு அம்மா படியில் உட்கார்ந்து, "வரும் வரும், பேஜாராவாதே" என்று தம்பி மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடிக்க, சந்தே மூச்சைப் பிடித்தது. சிலிண்டர் புக்கிங் பதிவாகிவிட்டது என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஒன்றே காலுக்கு அவன் லைனில் வந்தான். "எக்கா, மளிகைக்காரு எங்கியோ வெளிய போய்ட்டாரு, இப்பதான் வூட்ட தொறந்தாரு..."

"நீ பேசாத. கேளு. பள்ளிக்கூட வாசல், பன்னண்டு மணி, பஸ் வருது. ரசீது எடுத்துக்கோ. ஆறு பேரும் ஓடுங்க."

"பாஸ்போர்ட் இல்லாம எப்டிக்கா..."

"பேப்பர் ரெடியா கீது. நான் அனுப்பிட்டேன். நீ ஓடு!"

சரி என்றானா, இல்லையா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அவர்களுக்கு ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. எட்டு கிலோமீட்டர்.

அன்று முழுக்க செய்தி இல்லை. அதிகாரியின் நம்பரும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை பத்தரைக்கு அவரே கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பிரிண்டர் பேப்பரைக் கடித்துக் கடித்துத் துப்புகிறது, உங்கள் கடையில் இதற்கு என்ன செய்வீர்கள் என்றார்.

"சார், அது கடல் காத்து. பேப்பர் நமுத்துப் போயிருக்கும். கட்டப் பிரிச்சு வெயில்ல காட்டுங்க. அதெல்லாம் இருக்கட்டும், எங்க ஆளுங்க..."

சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஒரு மெசேஜ். பெயருக்குப் பின்னால் ஆறு இலக்கம். திருவொற்றியூர்க்காரர்களில் ஒருவரின் பெயர். எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. கப்பலேற வந்தவர் எதிரே நின்றால்தான் அவருடைய பதிவைத் திறப்பார்கள். திறந்தால்தான் ஓடிபி வரும். ஓடிபி வந்தால் ஆள் வந்து சேர்ந்தாயிற்று என்று அர்த்தம்.

இலக்கங்களைச் சொன்னேன். இரண்டாவது வந்தது. சொன்னேன். மூன்றாவது, நாலாவது. பாய் வாசலில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. ஐந்தாவது வந்தது. அதுவும் என் தம்பி இல்லை.

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பாய் ஐந்து விரலை விரித்தபடியே நின்றார். போனில் அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறாவது மெசேஜ் வந்தது. தம்பிக்கு அப்பா வைத்த பெயர், முன்னால் அப்பாவின் பெயர், பின்னால் ஆறு இலக்கம். எத்தனை ஆயிரம் ஓடிபி கூவிய வாய், அன்றைக்கு முதல் இலக்கத்தைத் தாண்டவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி இரண்டு முறை, மேடம், மேடம் என்றார்.

அப்போது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எக்கா, சீக்கிரம் சொல்லு. பின்னாடி இன்னும் எத்தினி பேரு நின்னுகினு கீறாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.