நான்காம் அறையிலிருந்து வந்த பதில்

இருபத்தேழு ஆண்டுகளாக லுத்விகா ஸ்கொவ்ரோனின் வேலை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. கிராக்கோவ் நகரின் பெரிய சதுக்கத்திலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய துணி வணிகர் ஒருவரின் மாளிகையில், மூன்றாம் அறையில் அந்த நாற்காலி இருக்கிறது. மாளிகை இப்போது அருங்காட்சியகம். வருகிறவர்கள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம்.

அடுத்த அறையில், அதே மாதிரி நாற்காலியில், அவர் கணவர் செவெரின் உட்கார்ந்திருந்தார். போன நவம்பர் வரை.

வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் வந்து இறங்கி ஞாயிறு இரவு திரும்பிப் போகிற கூட்டத்தை நம்பித்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர் பிழைக்கிறோம். கோட்டை, உப்புச் சுரங்கம், நடுவில் ஒரு தட்டு பியெரோகிக் கொழுக்கட்டை, மிச்ச நேரத்துக்கு அருங்காட்சியகங்கள். மழை பெய்தால் அருங்காட்சியகங்கள் நிரம்பி வழியும். துணி வணிகர் வீட்டு வாசலில் ஈவோனா ஒரு மரப்பெட்டியோடு நிற்பார். பெட்டி நிறையக் கம்பளிச் செருப்புகள். ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பழைய மரத்தரை கீறிவிடக் கூடாது.

"ஷூவைக் கழட்டச் சொல்லல சார், மேலயே மாட்டுங்க. காலைத் தூக்காதீங்க, வழுக்கிக்கிட்டே போங்க. எங்க தரைக்கு ஓசியில பாலிஷ் போட்ட மாதிரியும் ஆச்சு" என்பார் ஈவோனா, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் போலிஷ் மொழியிலேயே. அவர்களும் புரிந்ததுபோல் சிரித்துவிட்டுப் போவார்கள்.

கம்பளிச் செருப்பு போட்ட கூட்டம் சத்தமே போடாது. ஐம்பது பேர் பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. அதனால் அங்கே காவலர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நம் அறையிலிருந்து ஆட்கள் அடுத்த அறைக்குப் போகும்போது சாவியால் வாசல் நிலையில் இரண்டு தட்டு. ஆள் வருது, பார்த்துக்கொள் என்று பொருள். அடுத்த அறைக்காரர் தன் பக்கத்து நிலையில் ஒரு தட்டுத் தட்டினால், பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். அந்தப் பதில் வந்துவிட்டால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவும் கூடாது. சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் தன் அறையை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும்.

மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் நடுவில் கனத்த திரை ஒன்று தொங்குகிறது. நான்காம் அறை வணிகர் குடும்பத்தின் சாப்பாட்டு அறை. பழைய துணிகள் நிறம் போய்விடும் என்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி மூணு மாசம் அவர் மூஞ்சியை விட அவர் சாவிச் சத்தம்தான் எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் லுத்விகா என்னிடம். "ஒரு தட்டு தட்ட வேண்டிய இடத்துல ரெண்டு தட்டுனார். ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு உனக்குன்னார். நான் போய் மேலாளர்கிட்ட புகார் கொடுத்தேன்."

"கொடுத்துட்டுக் கட்டிக்கிட்டா" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈவோனா.

சாப்பாட்டு அறையில் ஒரு நீள மேஜை. சுற்றிலும் மெழுகு பொம்மைகள்: வணிகர், மனைவி, இரண்டு பையன்கள், திரையை ஒட்டிய ஓரத்தில் நீலச் சட்டை போட்ட மகள். அவளுடைய வலது கை மேஜைமேல் உள்ளங்கை தெரிய நீண்டிருக்கும், யாரிடமோ ரொட்டி கேட்பதுபோல். அவளுக்கு ஒரு கை தூரத்தில்தான் செவெரினின் நாற்காலி. காலையில் வந்ததும் ஐந்து பேருக்கும் வணக்கம் சொல்லித் தூசி தட்டுவார். மகளுக்கு மட்டும் "என்ன கண்ணு, இன்னும் ரொட்டி வரலையா?" என்று சேர்த்துக் கேட்பார். உங்க ஆளுங்களுக்கு டிபன் ஆச்சா என்று லுத்விகா திரைக்கு இந்தப் பக்கமிருந்து கிண்டலடிப்பார்.

போன நவம்பரில், இறந்தோர் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. காலையில் செவெரின் படுக்கையை விட்டு எழவில்லை.

"இன்னிக்கு லீவு சொல்லிடட்டுமா, லுத்கா? ஒரு மாதிரி இருக்கு."

"சனிக்கிழமை, மழை வேற. அத்தனை கூட்டத்தையும் என் தலையில கட்டிட்டு நீங்க படுத்துக்கலாம்னு பாக்கறீங்களா? எழுந்திருங்க."

எழுந்து வந்தார். பேசவில்லை. மதியம் லுத்விகா பீட்ரூட் சூப் குடுவையோடு திரைக்குள் தலையை நீட்டி, சாப்பிட வரவில்லையா என்று கேட்டார். "நீ போ. நான் அப்புறம் வரேன்" என்றார் செவெரின். கோபம் இன்னும் ஆறவில்லை என்று லுத்விகா நினைத்துக்கொண்டார். கீழே போய்த் தனியாகச் சூப் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கூட்டம் பெருகியது. இரண்டு தட்டு தட்டினார். நான்காம் அறையிலிருந்து ஒரு தட்டு வந்தது. மறுபடி ஆட்கள், மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று. அருங்காட்சியகம் மூடும்வரை ஒரு தடவைகூடப் பதில் தவறவில்லை. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்தது, லுத்விகா இரண்டாம் தட்டிலிருந்து சாவியை எடுப்பதற்கு முன்பே.

மூடும் நேரத்தில் திரையை விலக்கினார். செவெரின் நாற்காலியில் இருந்தார். தாடை மார்பில் சாய்ந்திருந்தது. சாவிக்கொத்து மடியில். தோளைத் தொட்டதும் கை விறைத்திருந்தது தெரிந்தது.

வந்த மருத்துவர் இளைஞர், பொறுமையானவர். மதியமே போயிருக்கிறார், நல்ல சாவு, வலி இருந்திருக்காது என்றார்.

"இல்ல டாக்டர். சாயங்காலம்வரைக்கும் எனக்குப் பதில் சொன்னார்."

"அம்மா, இவ்வளவு விறைப்பு வர எவ்வளவோ நேரம் ஆகும்."

"நான் காதால கேட்டேன்."

மருத்துவர் அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். லுத்விகாவுக்கு இன்றுவரை ஆத்திரம் வருவது அந்தத் தட்டிக்கொடுத்தலை நினைத்தால்தான்.

பிறகு ஒரு வருடம் அவருக்கு இதே யோசனைதான். மருத்துவர் சொன்னது சரியென்றால், உடம்பு சரியில்லை என்றவரை இழுத்துக்கொண்டு வந்து, தனியாகச் சாக விட்டு, சூப் குடித்து, ஊர் உலகமெல்லாம் அவரைத் தாண்டிப் போகையில் திரைக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. காது கேட்டது சரியென்றால், கடைசி நிமிடம்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். "எனக்குச் சாதகமானது எதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நடந்தது எதுன்னுதான் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

நான்காம் அறையில் உட்கார வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கேமரா மாட்டினார்கள். செவெரினின் சாவிக்கொத்து அலுவலகத்தில் பூட்டி வைக்கப்பட்டது. வசந்த காலத்தில் ஒருநாள், யாரும் இல்லாத நேரத்தில், லுத்விகா நிலையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. அதில் அவருக்கு ஒரு நிம்மதி. வேறு எதுவோ பதில் சொல்லியிருந்தால் இப்போதும் சொல்லியிருக்குமே. அப்படியானால் அன்று தட்டியது செவெரின்தான்.

ஈவோனாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. ஊர் சுற்ற வருகிறவர்கள் கண்ணால் எதையும் பார்ப்பதில்லை, ஃபோனால்தான் பார்க்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை நான்காம் அறையை எத்தனை பேர் படம் எடுத்திருப்பார்கள்! ஈவோனாவின் மகள் இணையத்தில் தேடி ஒன்றைப் பிடித்தாள். நாற்காலியில் தலை சாய்ந்த செவெரின், தோள்மேல் கை போட்டபடி மழைக்கோட்டு அணிந்த ஒரு மனிதர். கீழே எழுதியிருந்தது: இந்த ஊரிலேயே அசல் மாதிரி இருக்கும் மெழுகு பொம்மை.

படத்தைப் போட்டவர் பெல்ஜியத்தில், கென்ட் நகரத்தில் பள்ளி ஆசிரியை. பெயர் வீர்லே. விவரம் சொல்லி ஈவோனா எழுதியதும் அவர் பதில் எழுதவில்லை. இந்த அக்டோபரில் நேராகவே வந்து நின்றார்.

செருப்புப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஜெர்மன்தான் பேச்சுக்கு உதவியது.

"எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றார் வீர்லே. "பொம்மைன்னு நெனச்சோம். சுத்தி எல்லாம் பொம்மை. நாங்க சிரிச்சோம்."

"அவர் இருந்திருந்தா அவரும் சிரிச்சிருப்பார். படத்தைக் காட்டுங்க."

மூன்று படங்கள். முதல் படத்தில் மேஜைக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. செவெரினே தினமும் சாவி கொடுத்த கடிகாரம். ஒரு மணி தாண்டியிருந்தது. தாடை மார்பில், சாவி மடியில், லுத்விகா மாலையில் பார்த்த அதே கோலம். இரண்டாவது, தோள்மேல் கை போட்ட படம்.

"அப்போ டாக்டர் சொன்னதுதான் சரி" என்றார் லுத்விகா. அழவில்லை. தண்ணீர் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"மூணாவதை நான் யாருக்கும் அனுப்பல" என்றார் வீர்லே. "நேர்ல காட்டத்தான் வந்தேன். நாங்க கிளம்பறப்போ எடுத்தது."

கடிகாரம் இரண்டரையைத் தொட்டிருந்தது. செவெரின் அசையவில்லை. ஆனால் மடியில் சாவி இல்லை. மேஜை, தட்டுகள், வணிகரின் மீசை எல்லாம் கூர்மையாக விழுந்திருந்தன. திரையோரம் இருந்த மெழுகு மகளின், நீலச் சட்டை போட்ட கை மட்டும் கலங்கியிருந்தது.

"ஃபோன் ஆடியிருக்கும்" என்றார் ஈவோனா.

"ஃபோன் ஆடினா எல்லாம்தானே கலங்கும்" என்றார் வீர்லே. "என் வீட்டுக்காரரும் முதல்ல அதையேதான் சொன்னார். இப்போ அந்தப் படத்தைப் பாக்கவே மாட்டேங்கறார்."

லுத்விகா எழுந்தார். "ஈவோனா, ஆபீஸ்ல இருந்து அவர் சாவியை வாங்கிட்டு வா."

"எதுக்குடி?"

"கேள்வி கேக்காம போ."

அன்று செவ்வாய்க்கிழமை, வெளியே வெயில், உள்ளே கூட்டம் இல்லை. மூவரும் கம்பளிச் செருப்போடு நான்காம் அறைக்குள் போனார்கள். இருபத்தேழு ஆண்டுகளில் முதல் தடவையாக லுத்விகா பொம்மைகளுக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினார். மெழுகு மகளின் உள்ளங்கையில் ஒரு வருடத் தூசி படிந்திருந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்தார்.

மெழுகில் ஒரு பள்ளம். நீளத் தண்டு, ஓரத்தில் மூன்று பல்.

கொத்தில் பெரிய சாவியை எடுத்து அதில் வைத்தார். பல்லுக்குப் பல் பொருந்தியது. விரல்களின் உள்பக்கத்திலும் அதே தடம் இருந்தது. கை மூடி இறுகப் பிடித்திருந்தால்தான் அப்படி விழும். இப்போது அந்த விரல்கள் எப்போதும்போல் விரிந்து, ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தன.

"எவனோ கொழுப்பெடுத்த டூரிஸ்ட் சாவியை எடுத்து இவ கையில வெச்சு அழுத்தியிருக்கான்" என்றார் ஈவோனா.

"சரி. அவனே சாயங்காலம்வரைக்கும் நின்னு எனக்குப் பதிலும் சொல்லிட்டு, சாவியை அவர் மடியிலயே வெச்சுட்டுப் போனானா?"

"எனக்கென்ன தெரியும்?"

"இந்த ரூம் எப்பவும் குளிர்தான். மெழுகுல இவ்ளோ ஆழமா பதியணும்னா கை சூடா இருந்திருக்கணும், ஈவோனா."

ஈவோனா சிலுவை போட்டுக்கொண்டார். வீர்லே ஏற்கெனவே திரைக்கு வெளியே போயிருந்தார்.

லுத்விகா நீலச் சட்டைக்காரியின் பக்கம் திரும்பினார். பிறகு தன் கணவர் தினமும் சொன்ன வணக்கத்தைச் சொன்னார். சாவியை மட்டும் அவள் கையிலிருந்து உடனே எடுக்கவில்லை. எடுக்கும்போது கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது என்று என்னிடம் சொன்னார். ஈவோனாவிடம் இதைச் சொல்லவில்லையாம்.

மறுநாளே மேலாளர் லெஷெக்கின் அறைக்குப் போய், தனக்கு நான்காம் அறை வேண்டும் என்று கேட்டார். மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"லுத்விகா அம்மா, அங்க உக்கார ஆள் தேடித் தேடி நான் அலுத்துட்டேன். அப்பல்லாம் நீங்க வாயே திறக்கல. இப்போ எதுக்கு?"

"அவர் தனியாப் போகல, லெஷெக் சார். பக்கத்துல ஆள் இருந்திருக்கு. அவர் வேலை கெட்டுடக் கூடாதுன்னு நாள் பூரா பாத்துக்கிட்டிருக்கு. நான் ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?"

"யாருக்கு?"

பிறகு அவரே பணிப் பட்டியலை இழுத்து, நான்காம் அறைக்கு எதிரே லுத்விகாவின் பெயரை எழுதினார்.

நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது சமையலறை மேஜையில் செவெரினின் சாவிக்கொத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லறையில் ஏற்ற வேண்டிய விளக்குகள் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக இருந்தன. பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார். "வீட்ல தனியா இருக்கறதைவிடக் கம்மியா இருக்கு."

வருகிற செவ்வாய்க்கிழமை முதல் அவருக்கு நான்காம் அறை. அங்கே இருந்த கேமராவைக் கழற்றி மூன்றாம் அறையில் மாட்டிவிட்டார்கள். மூன்றாம் அறை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தட்டு தட்ட இன்னும் ஆள் கிடைக்கவில்லை.