ஜெயபாலன் வாத்தியாரின் தொண்டை

ஜெயபாலன் வாத்தியாருக்கு வாய்த்த தொண்டை லேசுப்பட்டதல்ல. அவர் வகுப்பில் பாடம் நடத்தினால் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் நிற்பவர்களுக்கும் வாய்ப்பாடு மனப்பாடமாகிவிடும்.

ஆயர் தாவார் பக்கம் ரப்பர் பால்மரம் சீவிய சீனியின் மூத்த மகன் அவர். எழுபத்தொன்றில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, முடித்த கையோடு, ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குத் தற்காலிக வாத்தியாராக வந்தார். வேலை நிரந்தரமாயிற்று, மாரியம்மாவோடு கல்யாணம் ஆயிற்று, பத்து வருஷமும் ஓடிப் போயிற்று. அந்தப் பத்து வருஷத்தில் அவர் வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பிள்ளை என்று ஒன்றைக் காட்ட முடியாது.

"குளத்துத் தண்ணி எதுனால வத்துது? நெழலாலயா, மீனாலயா, வெயி...லாலயா?" என்று கேட்பார். சரியான விடை வருவதற்கு முன்னால் மூச்சு ஒரு நொடி நிற்கும். பிறகு குரல் ஒரு படி ஏறும். நாற்பது பிள்ளைகளும் "வெயில்" என்று கூரை அதிரக் கத்துவார்கள். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கெட்டிக்காரத்தனம் முழுக்கத் தன் தொண்டையில்தான் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

அந்தக் கெட்டிக்காரர்களில் முதல் ஆள் காளியம்மா. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை மங்கல். ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. புத்தகத்தை மூக்கில் ஒட்டி வைத்தாலும் எழுத்துகள் கலங்கித்தான் போகும். வாய்க்கேள்வியில் அவளை அடிக்க ஆளில்லை. தாளில் எழுதச் சொன்னால் பூஜ்யம்.

எண்பத்தொன்று கடைசியில் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. கண் தெரியாத, கை முடியாத பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு அரசாங்கச் சோதனையைத் தனி அறையில் எழுதலாம். கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டலாம், பிள்ளை சொல்வதை அவரே எழுதலாம். ஒரு மணி நேரத்துக்கு அரை மணி கூடுதலாகவும் கொடுப்பார்கள். அதற்கான பயிற்சி டிசம்பர் விடுமுறையில், ஈப்போவில், மூன்று நாள். விடுமுறையில் எவன் குர்சுஸ், பயிற்சி என்று போவான் என்று மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். ஜெயபாலன் மட்டும் தானே போய்ப் பெயர் கொடுத்தார்.

காரணம், காளியம்மாவின் அப்பா ராமையா சொன்ன வார்த்தை. "வாத்தியாரே, சோதனையில தேறுச்சுன்னா டவுன் ஸ்கூலுக்கு அனுப்புறேன். தேறலன்னா ஆறாங்கிளாஸோட ஆயாக்கொட்டகைக்குப் போவட்டும்லா. வேலைக்காரங்க கொழந்தைங்களுக்குத் தொட்டில் ஆட்டக் கண்ணு வேணாம்." கெட்ட மனுஷனல்ல ராமையா. மகளுக்குப் பிற்காலத்தில் ஒரு பிடிமானம் வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

பயிற்சி கொடுக்க வந்தவர் மிஸ் சாலா. ஈப்போவில் கடை வைத்திருந்த செட்டியார் வீட்டுப் பெண். இரண்டு கண்ணும் தெரியாது. படித்த காலமெல்லாம் பிறர் வாசிக்கக் கேட்டே பரீட்சை எழுதியவர். பிள்ளை தப்பாகச் சொன்னாலும் அப்படியே எழுத வேண்டும், திரும்ப வாசிக்கக் கேட்டால் முதலில் வாசித்த மாதிரியே வாசிக்க வேண்டும் என்று முதல் நாளே அடித்துச் சொன்னார். இருமல்கூட ஒரு பதில்தான் என்றார். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று ஜெயபாலன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மிஸ் சாலா ஒரு வேலை வைத்தார். "ஆளுக்கு மூணு கேள்வி எழுதுங்க. பதில் உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கணும். நாலு விடையோட வாசிங்க."

மற்றவர்கள் வாசித்தபோது மிஸ் சாலா ஊகித்த விடைகளில் ஒன்றிரண்டு தவறிப் போயின. ஜெயபாலன் முறை வந்தது. "என் மனைவிக்குப் பிடிக்காத காய் எது? கத்தரிக்காய், பாகற்காய், பூசணிக்காய், முருங்கைக்காய்."

"பூசணி" என்றார் மிஸ் சாலா.

மூன்றுக்கு மூன்றும் சரி. அறையே சிரித்தது. ஜெயபாலனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"உங்க சம்சாரத்த எனக்குத் தெரியாது சார். உங்க குரல்தான் பதில் சொல்லுச்சு" என்றார் அவர். "சொந்த வாத்தியாரே வாசிக்கக் கூடாதுன்னு சொல்றவ நான். தோட்டத்துல வேற ஆளில்லன்னுதான் உங்களச் சேர்த்துக்கிட்டேன். இப்படி வாசிச்சா மேற்பார்வையாளர் அந்தப் புள்ள தாளையே தள்ளிடுவார். அது கெடக்கட்டும். உங்க புள்ளைங்க இதுவரைக்கும் பாடத்தப் படிச்சாங்களா, உங்க தொண்டையப் படிச்சாங்களா?"

ஜெயபாலனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வருஷ அனுபவத்தை நேற்று வந்தவள் எடைபோடுவதா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கறுவிக்கொண்டே நடந்தார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. காளியம்மாவுக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமா? அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் மாரியம்மாவை உட்கார வைத்து வாசித்துப் பழகினார். அவர் வாசிக்க வாசிக்க அவள் விடையைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வாரம் கழித்துத்தான் முதல் தடவையாகத் திணறினாள். "என்னங்க இது, சாவு வீட்டுத் தகவல் படிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். மனுஷன் சந்தோஷத்தில் இன்னொரு கோப்பை தேத்தண்ணி கேட்டார்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் அதே குரலில் காளியம்மாவிடம் பத்துக் கேள்வி வாசித்தார். நான்குதான் சரி. பிள்ளை முகம் சுருங்கிப் போயிற்று.

"சார், என் மேல கோவமா?"

ஜெயபாலன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதினொரு வயசுப் பிள்ளையிடம் ஒளிக்காமல் சொன்னார். "கோவம் இல்லம்மா. தப்பு என் மேலதான். இத்தன நாளும் பதில நானே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். இனிமே நீ சொல்லு."

அன்றிலிருந்து கேள்வியை மட்டும் வாசிப்பார். விடைகளைக் கேட்பதற்கு முன்னாலேயே அவள் தன் பதிலைச் சொல்லிவிட வேண்டும். நான்கு ஐந்தாயிற்று, ஏழாயிற்று. சில நாள் மறுபடி ஐந்துக்கு இறங்கும். அன்றைக்கு வாத்தியாருக்குச் சோறு இறங்காது.

அக்டோபரில் சோதனை வந்தது. புத்தகக் கட்டுகளை ஓரம் தள்ளிப் பண்டக அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வேறு பள்ளியிலிருந்து வந்த மேற்பார்வையாளர் பெத்தபெருமாள், இரண்டு பேரையும் பார்த்தபடி கதவோரம் உட்கார்ந்தார். மற்ற பிள்ளைகள் முடித்துவிட்டு வெளியே ஓடிய பிறகும் காளியம்மாவுக்கு நேரம் மிச்சமிருந்தது.

அறிவியல் தாளில் ஒரு கேள்வி. "கீழ்க்காண்பவற்றுள் முட்டையிடுவது எது? வௌவால், திமிங்கிலம், ஆமை, எலி."

"வௌவால்" என்றாள் காளியம்மா.

ஜெயபாலன் தொண்டையில் ஆமை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு செருமல் போதும், பிள்ளை திருத்திக்கொள்வாள். பெத்தபெருமாள் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயாக்கொட்டகைத் தொட்டில்கள் வாத்தியார் கண் முன்னால் ஆடின.

"சார், இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தார். அதே வேகம், அதே குரல்.

"வௌவால்தான் சார்."

எழுதினார். வௌவால் என்றே எழுதினார்.

சோதனை முடிந்து வெளியே வந்ததும் அவள் முதலில் கேட்டது அதைத்தான். "வௌவால் தப்பா சார்?"

"தப்பும்மா. வௌவால் குட்டி போடும்."

காளியம்மா சிரித்தாள். "அப்ப நீங்க நெசமாவே ஒண்ணும் சொல்லித் தரல." மற்றதெல்லாம் தன்னுடைய பதில்தான் என்ற பெருமை அந்தச் சிரிப்பில் இருந்தது.

டிசம்பரில் முடிவு வந்தது. மறுநாளே ஜெயபாலன் மிஸ் சாலாவின் வீட்டுக்குக் கிளம்பினார். கூடவே ராமையாவும் காளியம்மாவும். ராமையா தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றை ஈப்போ வரைக்கும் மடியில் சுமந்து வந்திருந்தார்.

உள்ளே நுழைந்ததும் ஜெயபாலன் நன்றிகூடச் சொல்லாமல் ஆரம்பித்தார். "ஒரு கேள்வி டீச்சர். காளியம்மாவின் சோதனை முடிவு என்ன? தேறவில்லை, தேறினாள், முடிவு வரவில்லை, தாள் தள்ளப்பட்டது." ஒரு எழுத்துகூட ஏறவில்லை, இறங்கவில்லை.

மிஸ் சாலா தலையைச் சாய்த்துக் கேட்டார். "தேறிட்டா."

ஜெயபாலன் முகம் தொங்கிப் போயிற்று. "எப்படி டீச்சர்? மறுபடியும் என் குரலா?"

"உங்க குரல்ல ஒண்ணுமே கெடைக்கல சார். உங்க பக்கத்துல ஒரு புள்ள சிரிப்ப அடக்க முடியாம மூச்சு வாங்குதே."

காளியம்மா அடக்கி வைத்த சிரிப்பு வெடித்துவிட்டது. ராமையா பலாப்பழத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் கண் கலங்கி நின்றார். "ஆறாங்கிளாஸ் முடிஞ்சதும் பக்கத்து டவுன் ஸ்கூல்தான் தாயி" என்றார்.

"நன்றி டீச்சர்" என்றார் ஜெயபாலன். அது மட்டும் பழைய தொண்டையிலிருந்து, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது. மிஸ் சாலா அதைத் திருத்தவில்லை.