அப்பாவிடம் கேட்கப்பட்ட கேள்வி

என் அம்மா செல்வநாயகி கேள்வி கேட்டுப் பிழைத்தவள். போரையும் படையையும் ஆராயும் சமூகவியலாளர்கள் பல நாடுகளிலிருந்து கேள்விகள் அனுப்புவார்கள். அம்மா எங்கள் பக்கத்து ஊர்களான நல்லூர், ஸ்ரீமுஷ்ணம் என்று பஸ் பிடித்துப் போய், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களிடம் அவற்றைக் கேட்பாள். ஜெர்மன்காரர்களுக்குக் கட்டளையை மறுக்கலாமா என்று தெரிய வேண்டும். அமெரிக்கர்களுக்கு, திரும்பியவர்களின் தூக்கமும் பிறகு கிடைத்த வேலையும். தில்லிக்காரர்களுக்குச் சாதியும் நிலமும்.

பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் நிபந்தனை. இங்கே அது நடக்காது. அவர் வாய் திறக்குமுன் மனைவி பதில் சொல்லிவிடுவார். கடினமான கேள்வி வரும்போது அம்மா, "யக்கா, ஒரு டீ கெடைக்குமா?" என்பாள். அந்த அம்மாள் அடுப்படிக்குப் போனதும் கேட்பாள்.

சென்ற ஆண்டு அப்பாவின் முறை வந்தது. கோதண்டபாணி, இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். பிறகு பீங்கான் கம்பெனியில் வாட்ச்மேன். யாழ்ப்பாணம் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. ஊரையெல்லாம் கேட்ட அம்மா அவரைக் கேட்டதும் இல்லை. இந்த முறை ஒரு கேள்வி இருந்தது: 'போர் நடந்த இடத்து மக்கள் பேசியது உங்களுக்குப் புரிந்ததா? எது நினைவில் இருக்கிறது?'

"இந்த ஒண்ணு எனக்கே தெரியணும்டா" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

சொந்தக்காரர்களை நாமே கேட்கக் கூடாது என்பது விதி. அம்மாவிடம் வேலை கற்ற வாசுகி வந்தாள். அந்தக் கேள்வி வந்ததும் நிறுத்தி, "யக்கா, ஒரு டீ..." என்றாள்.

"அடிப்பாவி, என்கிட்டியேவா?" அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைதான். அம்மா வெறும் மிக்சியை ஓடவிட்டாள்.

வாசுகி போனதும் அப்பா கேட்டார்: "டீ போட மிக்சி எதுக்குடி?"

"காதுல வுழக் கூடாதுன்னுதாங்க."

"வுழுந்திருந்தாலும் ஒண்ணுமில்ல. பதில் இல்லன்னு எழுதிக்கம்மான்னு சொல்லிட்டேன்."

"ஏங்க?"

"பொண்டாட்டிகிட்ட சொல்லாதத அந்தப் பொண்ணுகிட்டயா சொல்றது?"

"நான்தான் கேக்கவே இல்லியே."

"இப்பக் கேளு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கடைக்குப் போயிட்டு வா."

"என்னா வாங்கணும்?"

"எதனா வாங்கு."

நான் திரும்பியபோது இருவரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முகம் கழுவியிருந்தாள். நான் கொண்டுவந்த பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மாசியில் அம்மா இறந்தாள். அந்தப் பதில் இப்போது அப்பா ஒருவரிடம்தான் இருக்கிறது. நான் இன்னும் கேட்கவில்லை.